பன்னிரண்டு நாள் டாக்டர்

முதலியார்பேட்டை அரிகிருஷ்ணன் கை பட்டால் தூக்க முடியாத தோளும் தூக்கும் என்பது பொய்யில்லை. பக்கவாதத்தில் மடங்கிப்போன விரல்களை மெழுகில் தோய்த்து, நீவி, மாதக்கணக்கில் பழக்கி நிமிர்த்திய பிசியோதெரபிஸ்ட் அவன். அந்தப் பெருமை போதாதா? போதவில்லை. எண்பத்து நாலில் மெட்ராஸுக்குப் போய்ப் பன்னிரண்டு நாள் அக்குபங்சர் படித்துவிட்டு வந்தான். சலூனில் ஒருவன் கையில் கத்தியைக் கொடுக்கவே ஆறு மாசம் ஆகும். இவனோ ஒரு ரப்பர் பொம்மையைக் குத்திக் குத்தியே சீன வைத்தியம் முழுவதையும் கரைத்துக் குடித்துவிட்டானாம். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுப் பலகையும் மாட்டிக்கொண்டான்.

அவன் மனைவி கமலவேணி பெரியாஸ்பத்திரியில் நர்ஸ். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஊசி எவ்ளோ ஆழம் போவணும்?"

"கட்ட வெரல் கணக்கு," என்று தன் தடித்த விரலைக் காட்டினான்.

"யாரு வெரலு? ஒங்களுதா, ஊசி போட்டுக்கறவங்களுதா?"

"வெரலுன்னா வெரலுதாண்டி!"

ஆடி மாசம் ஒரு மதியம், மில்லில் வேலை செய்த தையல்நாயகியை ஆஸ்பத்திரிக்கு ரிக்‌ஷாவில் கொண்டுவந்தார்கள். எலும்பும் தோலுமான உடம்பு. மூச்சு பாதியிலேயே நின்றது. மாரடைப்பு என்று எல்லோரும் பரபரத்தார்கள். கமலவேணி அந்தப் பெண்ணின் ரவிக்கையைத் தளர்த்தினாள். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் மூன்று சிவப்புப் புள்ளிகள். இந்த ஊரில் அப்படிக் குத்துகிறவன் வேறு யார்? வாயைத் திறந்தால் புருஷன் மானம் போகும். திறக்காவிட்டால் இவள் உயிர் போகும்.

"டாக்டர், இது எங்க வூட்டுக்காரரு போட்ட ஊசி. நுரையீரல்ல எறங்கியிருக்கும்."

எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார்கள். அப்படித்தான் இருந்தது. விலாவில் குழாய் போட்டு, நுரையீரலிலிருந்து கசிந்து நெஞ்சுக்குள் அடைத்திருந்த காற்றை வெளியேற்றிய பிறகே தையல்நாயகிக்கு மூச்சு வந்தது.

சேதி கேட்ட அரிகிருஷ்ணனுக்கு வருத்தம் வரவில்லை, கோபம்தான் வந்தது. "அவ ஒல்லியா இருந்தா நான் என்னா பண்றது? பொம்மையில சரியாத்தான வந்துச்சு!"

"பொம்ம மூச்சு வுடுமா?" கமலவேணிக்கு அவன் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. ஊசி டப்பாவைத் திறந்தாள். "சட்டையக் கழட்டிட்டுக் குப்புறப் படுங்க. அதே எடம், அதே ஆழம். நான் போடுறேன்."

அவன் சுவரோரம் ஒதுங்கி, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டான். "பைத்தியமாடி ஒனக்கு? படிக்காம உசுரோட வெளையாடுவியா?"

கமலவேணி டப்பாவை மூடித் தன் பையில் போட்டுக்கொண்டாள். பிறகு வாசல் பலகையை இறக்க ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போனாள்.