பெரிய புள்ளி

என் அக்கா வீட்டுக்காரரை ஆபீசில் எல்லோரும் ‘பெரிய புள்ளி’ என்றுதான் சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால்தான். கம்ப்யூட்டர் திரையில் புள்ளி வைப்பது அவர் வேலை. அதை வைத்துக்கொண்டு அவர் காட்டிய பந்தாவைப் பார்த்து யாரோ வைத்த பெயர். ஒருநாள் அவர் காதிலும் விழுந்தது. பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

கண் ஆஸ்பத்திரிகளுக்குப் பார்வை சோதிக்கும் மெஷின் செய்து விற்கும் சின்னக் கம்பெனி அது. இரும்புக் கடைக்கு மேலே மூன்று அறைகள். அத்தான் புரோகிராம் எழுதுவார், நான் மெஷினைக் கொண்டுபோய் மாட்டிவிட்டு வருவேன். மெஷின் என்றால் ஒரு பழைய கம்ப்யூட்டர், பானை வயிற்று மானிட்டர், தாடையை வைத்துக்கொள்ள ஒரு தாங்கி, கையில் பிடிக்க ஒரு பட்டன். அவ்வளவுதான். நோயாளி ஒரு கண்ணை மூடிக்கொண்டு நடுவில் இருக்கும் குறியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது ஒரு வெள்ளைப் புள்ளி மின்னி மறையும். தெரிந்தால் பட்டனை அமுக்க வேண்டும். அமுக்காத இடமெல்லாம் பார்வையில் ஓட்டை என்று காகிதத்தில் கறுப்புக் கட்டமாக அச்சாகி வரும்.

திரையில் வரைவதற்கென்று ரெடிமேட் கட்டளைகள் உண்டு. அவற்றைக் கூப்பிடுவது அத்தானுக்குக் கேவலம். திரைக்குப் படத்தை அனுப்பும் வீடியோ கார்டின் மெமரியில் நேராகவே கை வைப்பார். கார்டுக்குள் இருக்கும் ரிஜிஸ்டர் நம்பர்களை மந்திரம் மாதிரி முணுமுணுப்பார். அந்தக் காலத்துக் கார்டுகளில் வேகம் வேண்டுமென்றால் அதுதான் வழி, அதைச் செய்யத் தெரிந்தவர்களும் நிறையப் பேர் இருந்தார்கள். அவரைக் கேட்டால், மற்றவர்கள் எல்லாம் டைப் அடிக்கப் பிறந்தவர்கள்.

அந்த மானிட்டர்கள் படத்தை மேலிருந்து கீழாகக் கோடு கோடாக வரையும். ஒரு படம் முடிந்து மறுபடி மேலே போகும்போது கார்டு ஒரு சைகை காட்டும். ஒழுங்காக எழுதுகிறவர்கள் அந்தச் சைகைக்குக் காத்திருந்து புள்ளியை வைப்பார்கள், காத்திருந்து எடுப்பார்கள். அத்தான் காத்திருக்க மாட்டார். “கார்டுதான் எனக்காகக் காத்திருக்கணும்” என்பார். புள்ளியை வைத்து, கம்ப்யூட்டரைச் சும்மா ஒன்று இரண்டு என்று எண்ண விட்டு, எண்ணி முடித்ததும் அழித்துவிடுவார். இதைத் தன் கண்டுபிடிப்பு என்று கல்யாண வீட்டில்கூடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பல வருஷம் ஓடியது. பிறகு ஓர் ஆஸ்பத்திரியில் பழைய கம்ப்யூட்டரை எடுத்துவிட்டு வேகமான ஒன்றை வைத்தோம். மானிட்டரும் கார்டும் பழையவைதான். அன்றிலிருந்து அங்கே வந்தவர்களுக்கெல்லாம் பார்வையில் ஓட்டை விழ ஆரம்பித்தது. அந்தக் காகிதத்தைப் பார்த்து ஒரு பஸ் டிரைவரை வண்டியிலிருந்து இறக்கி டிப்போவில் டிக்கெட் கட்டு எண்ண உட்கார வைத்துவிட்டார்கள். டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டனுப்பினார். நாங்கள் போனபோது டிரைவரும் அங்கே இருந்தார்.

“இவருக்குக் கண் நரம்பு நல்லா இருக்கு, கண் பிரஷரும் சரியா இருக்கு. உங்க மெஷின் மட்டும்தான் ஓட்டைன்னு சொல்லுது” என்றார் டாக்டரம்மா.

“மெஷின் புள்ளி வைக்குது மேடம். பாக்க வேண்டியது இவரு வேலை” என்றார் அத்தான்.

“பாத்துக்கிட்டேதான் சார் இருந்தேன்” என்றார் டிரைவர். “வரவே இல்ல.”

“வந்துச்சு. உங்களுக்குத் தெரியல. அதுக்குப் பேருதான் நோய்.”

சொன்னதோடு விடாமல், மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று காட்ட அவரே உட்கார்ந்தார். தாடையை வைத்தார், பட்டனைப் பிடித்தார். காகிதம் வந்தது. டிரைவரைவிட இவருக்கு ஓட்டைகள் அதிகம்.

இப்போதாவது மனிதர் இறங்கி வருவார் என்று நினைத்தேன். அவர் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“நான் சொன்னேன்ல, மெஷின் சரியாத்தான் இருக்கு. எனக்கும் கண்ணு போயிடுச்சு.”

டிரைவர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். பிழைப்பைக் கெடுத்தவனைப் பார்த்து இரக்கப்படுகிறாரே என்று எனக்குத்தான் உடம்பு கூசியது.

முதலாளி புரோகிராமை அத்தானுக்குப் பக்கத்து மேஜைப் பெண்ணிடம் கொடுத்தார். அவளும் அத்தானோடு சேர்ந்து வேலைக்கு வந்தவள்தான். அவள் எழுதியதை அவர் ஒருநாளும் படித்துப் பார்த்ததில்லை. மத்தியானத்துக்குள் சொல்லிவிட்டாள்.

“புள்ளிய வெச்சுட்டு சும்மா எண்ணிக்கிட்டு இருக்கு. பழசுல எண்ணி முடிக்க நேரம் ஆச்சு. புதுசு சட்டுனு எண்ணிடுது. கோடு அந்த எடத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே புள்ளிய அழிச்சிடுது. ஸ்கிரீனுக்கே வராத புள்ளிய யாரு பாப்பாங்க?”

சைகைக்குக் காத்திருக்கும்படி சில வரிகள் சேர்த்தாள். நான் கொண்டுபோய் ஏற்றினேன். டிரைவர் மறுபடி உட்கார்ந்தார்; காகிதம் சுத்தமாக வந்தது. அடுத்த வாரமே பஸ் ஓட்டப் போய்விட்டார். அத்தான் அவரிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை.

“நீங்களும் ஒரு தடவ உக்காந்து பாத்துடுங்க அத்தான்” என்றேன்.

“அவ மாத்தினதுல குருடனுக்கும் கண்ணு தெரியும். நோயை மறைக்கிற புரோகிராம் அது.”

கண் காரணமாக வேலையை விடுவதாக முதலாளியிடம் சொன்னார். முதலாளி ஒருமுறைகூட இருங்கள் என்று சொல்லவில்லை. வீட்டில் கண்ணுக்குக் குளிர்ச்சி என்று விற்கும் ஏதோ சொட்டு மருந்தை விட்டுக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து, தொழிலுக்காகக் கண்ணைக் கொடுத்தவன் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சிலர் நம்பவும் செய்தார்கள்.

அக்கா நம்பவில்லை. “சட்டைக் காலர்ல இருக்கற அழுக்கு மட்டும் எப்படிங்க தெரியுது?” என்று ஒருநாள் கேட்டாள்.

“அது ஓட்டை இல்லாத பக்கம்” என்றார், கொஞ்சமும் கூசாமல்.

இப்போது அக்காதான் ஸ்கூட்டர் ஓட்டுகிறாள். அவர் பின்னால் உட்கார்ந்து, எதிரே வரும் வண்டிகளின் நம்பர் பிளேட்டைத் தூரத்திலிருந்தே படித்து, ஒருத்தனுக்கும் வண்டி ஓட்டத் தெரியவில்லை என்று வழி நெடுகத் திட்டிக்கொண்டு போகிறார்.