இத்தாவில் வீங்கிய கால்

யுத்தம் முடிந்த வருடம், நோன்புப் பெருநாள் கழிந்து சில நாட்களில் என் கணவர் மாரடைப்பில் மௌத்தானார். நான் மருதமுனையில் இத்தா இருந்தேன். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும். நானோ அறையோடு இருந்தேன், அதுவும் ஒரே பாயில். அப்படி இருக்கும்படி யாரும் சொல்லவில்லை. என் பிடிவாதம் ஊரறிந்தது. துக்கத்திலும் அது என்னை விடவில்லை.

இரண்டாம் மாதம் இடது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. பிறகு தொடை வரை வீங்கியது. தொட்டால் சூடு. சுனாமியன்று மகளை இழுத்துக்கொண்டு ஓடிய கால் மரக்கட்டை மாதிரிக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் இத்தா முறிந்துவிடும், அந்நிய ஆண் காலைப் பார்ப்பார், மௌத்தானவருக்குச் செய்யும் கடமை பாழாகும் என்று பயந்தேன். வெள்ளைச் சேலைக்குள் காலை மறைத்தேன். ஒரே வளவுக்குள் குடியிருக்கும் மகள் ரிஸ்னாவுக்கே தெரியாது. "யா அல்லாஹ், நான் வாசல்படி தாண்டாமல் இதை வற்ற வை" என்று ஐந்து நேரமும் கேட்டேன். வீக்கம் கூடிக்கொண்டே போனது.

ஒரு நாள் அஸர் தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைத்து ஸுஜூதுக்குப் போனவள் எழும்ப முடியாமல் அப்படியே கிடந்தேன். அழுகை மட்டும் வந்தது. "என்னால் ஏலாது ரஹ்மானே, நீ நாடியபடி செய்" என்றேன். அதுவரை நான் அவனுக்கே வழி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

தேத்தண்ணியோடு வந்த ரிஸ்னா என்னைத் தூக்கும்போது சேலை விலகியது.

"உம்மா! என்ன இது? எப்ப இருந்து இரிக்கி?"

"கத்தாத புள்ள. இத்தா முடியட்டும், பாப்பம்."

அவள் கேட்கவில்லை. பள்ளிவாசல் மௌலவியைக் கூட்டிவந்துவிட்டாள். திரைக்கு அப்பால் நின்று அவர் சொன்னார்: "மருந்துக்குப் போறத்துக்குத் தடையில்ல ராத்தா. இப்பவே வெளிக்கிடுங்க."

எனக்கு வெட்கமாகிவிட்டது. இவ்வளவு நாளும் யாரிடமாவது கேட்டிருக்கலாமே.

ஆஸ்பத்திரியில் பார்த்தது ஒரு பெண் டாக்டர். அசையாமல் ஒரே இடத்தில் கிடந்ததால் தொடையில் இரத்தம் உறைந்திருக்கிறது, அது நெஞ்சுக்கு ஏறியிருந்தால் உயிர் போயிருக்கும் என்றார். வயிற்றில் ஊசி போட்டார்கள். பிறகு மாதக்கணக்கில் குளிசை விழுங்கினேன்.

உயிர் தப்பியது. கால் மட்டும் பழையபடி வரவில்லை. காலையில் கொஞ்சம் வற்றும், பின்னேரம் மறுபடி ஊதும். கக்கூசுக்குப் போகவும் ரிஸ்னாவின் தோள் வேண்டும். இறுக்கமான காலுறையை அவள் இழுத்துப் போடும்போது ஏசுவேன், பிறகு அழுவேன். கதிரையில் உட்கார்ந்துதான் தொழுதேன். இனி இப்படித்தான் என் காலம் என்று நினைத்தேன். துஆவில் கேட்கவும் சொல் வரவில்லை, கையை மட்டும் ஏந்திக்கொண்டிருப்பேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு காலை, இடது கணுக்கால் எலும்பு தெரிந்தது. ரிஸ்னாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இருவரும் அதைத் தடவித் தடவி அழுதோம். அந்தச் சின்ன எலும்பைக் காட்டியவனுக்கே எல்லாப் புகழும். இன்றும் அதிக நேரம் நின்றால் கால் கனக்கும். ஆனால் நடக்கிறேன்.

இப்போது எங்கள் பகுதியில் எந்தப் பெண் இத்தா இருந்தாலும் போய்விடுவேன். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. "எழும்பி வீட்டுக்குள்ள நட புள்ள. எங்க, காலக் காட்டு" என்பேன். போன மாதம் ஒருத்திக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன ராத்தா, காலப் பாக்கவா வந்தீங்க?"

"ஓம், அதுக்குத்தான் வந்த."

சகோதரிகளே, அல்லாஹ்விடம் அழுது கேளுங்கள். எப்படித் தருவது என்பதை அவனிடமே விடுங்கள். அவன் அனுப்புகிற ஆளிடம் மட்டும் நோவை மறைக்காதீர்கள்.