கசக்குது என்று சொன்னவர்

வெள்ளைத் துணியில் தைத்த ஒரு தலைமூடி. முகத்துக்கு நேரே தெளிந்த பிளாஸ்டிக், அதில் விரல்கூடப் போகாத ஒரு சின்னத் துளை. அதை மாட்டிக்கொண்டு, எங்கள் ஆய்வுகூடத்து மரக் கதிரையில், முழங்காலில் கைகளை வைத்தபடி, என்னோடு வேலை செய்த நானா உட்கார்ந்திருந்த கோலத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது. தேன் எடுக்கப் போகிறவர் மாதிரி இருந்தார். மூடிக்குள்ளே அவர் முகக்கவசம் போட்டிருந்தார். வெளியே நான் கசப்பு மருந்து நிரப்பிய குழாயோடு நின்றேன்.

காசநோய்க் கிருமி காற்றில் வருவது. சளி மாதிரிகளைத் திறக்கும் உள் அறைக்குள் போகிறவருக்கு முகக்கவசம் முகத்தோடு ஒட்டி நிற்கவேண்டும். இடுக்கால் காற்றுப் போனால் அதைப் போட்டும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான். அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தக் கசப்பு. துளை வழியாகப் பீய்ச்சிவிட்டு, தலையைத் திருப்பச் சொல்வோம், குனியச் சொல்வோம், ஏதாவது கதைக்கச் சொல்வோம். நாக்கில் கசப்புத் தெரிந்தால் கவசம் சரியில்லை. ஆனால் கசந்ததா இல்லையா என்பது உள்ளே இருப்பவருக்கு மட்டும்தான் தெரியும். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், யாரும் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கப் போவதில்லை.

“கசக்குதா நானா?” என்று கேட்டேன்.

எச்சிலை விழுங்கிப் பார்த்தார். பிறகு, “ஓம் தங்கச்சி, நல்லாக் கசக்குது” என்றார்.

அந்த ஒரு சொல்லால் அவர் அத்தனை காலம் வேலை செய்த உள் அறையை இழந்தார். காரணம் அவருடைய தாடி. கவசத்தின் விளிம்பு தோலில் படாமல் மயிரில் படுகிறது. நான் திரும்பத் திரும்ப வாரை இறுக்கிப் பார்த்தேன், வேறு அளவில் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அவர் கசக்குது என்றார். எனக்கு அவர்மேல் கோபமாகக்கூட வந்தது. கொஞ்சம் பொய் சொன்னால் என்ன, மனுஷா!

கிண்ணியாப் பக்கம் அண்ணனை நானா என்பார்கள். அவர் குறிஞ்சாக்கேணிக்காரர், நான் பாலையூற்று. வேலைக்குச் சேர்ந்த நாளில் இருந்து அவரை அப்படித்தான் கூப்பிட்டேன். இருவரும் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்கள், ஒரே பதவி. வயதில் அவர் என்னைவிட நல்ல மூத்தவர். எனக்கு வாய் நீளம், அவருக்குப் பொறுமை நீளம். உள் அறை ஒழுங்காக இயங்கியதே அவருடைய அரியண்டத்தால்தான், ஓயாத நச்சரிப்பால்தான். பக்கத்து முற்றவெளித் திடலில் திரியும் மான்கள் எங்கள் வளவுக்குள் வந்து குப்பையை முகர்ந்து பார்ப்பதைக் கண்டுவிட்டு, கழிவு வைக்கும் இடத்துக்குக் கம்பி வேலி போடும்வரை ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான டொக்டரை நிம்மதியாக இருக்கவிடவில்லை. ஒவ்வொரு காலையும் அந்த அறைக் கதவடியில் ஒரு ஊதுபத்தி கொளுத்துவார். புகை உள்ளே இழுபட்டால் காற்று சரியான பக்கம் ஓடுகிறது, வெளியே வந்தால் அன்றைக்கு ஒருவரும் உள்ளே போகக்கூடாது. வெளியூர்க்காரர் யாராவது வந்தால், “ஹாஜியார் பூசை வைக்கிறார், சத்தம் போடாதேங்கோ” என்று நான் பகிடி விடுவேன். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

உயிர்ப்பாதுகாப்புப் பொறுப்பை டொக்டர் என் தலையில் கட்டியபோதுதான் இந்தக் கசப்புச் சோதனையும் வந்தது. “ஒரு மௌலவியக் கேட்டுப் பாருங்கோவன் நானா, மயிர்தானே, திரும்ப வளரும்” என்று சொன்னேன்.

“மார்க்கம் இடம் குடுக்கும் தங்கச்சி. அது எனக்கே தெரியும்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “இது அவ கேட்டது” என்றார்.

அவ என்றது அவருடைய மனைவியை. இருவருமாக ஹஜ்ஜுக்குப் போயிருந்தார்கள். மதீனாவில் வைத்து அவர் முகத்தைப் பார்த்து, “இப்பதான் நீங்க ஒரு பெரிய மனிசன் மாதிரி இருக்கீங்க. இனி எடுக்காதீங்க” என்று சொன்னாவாம். ஊர் திரும்பி அடுத்த நோன்புக்கு முன்னமே, இதயம் நின்று அவ மௌத்தாகிப் போனா. மனைவி கடைசியாக ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான் என்று நானா சொன்னார். தாடி வைத்தவர்களும் போடக்கூடிய, காற்று ஊதும் தலைக்கவசம் ஒன்று இருக்கிறது. அதைக் கேட்டு எழுதினோம். வரும் என்றார்கள். நானா வெளியே மாதிரிகளை வாங்கும் மேசைக்கு மாறினார். உள் அறைக்குப் போக நான் ஒருத்திதான் மிஞ்சினேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் என் வயிற்றில் பிள்ளை தங்கியது.

முதலில் இரண்டு தடவை தங்கித் தங்கிக் கலைந்திருந்தது. இந்தமுறை மாமி கண்டிப்பாகச் சொல்லிவிட்டா, மூன்று மாதம் கழியும்வரை வெளியில் மூச்சு விடக்கூடாது என்று. எங்கள் வீடுகளில் அப்படித்தான். சொன்னால் கண்பட்டுவிடும் என்ற பயம். எனக்கு விஞ்ஞானம் தெரியும், ஆனாலும் நானும் பயந்தேன். ஆனால் பிள்ளை சுமப்பவர்கள் உள் அறைக்குள் போகக்கூடாது என்ற விதியை என் கையாலேயே எழுதி அந்தக் கதவில் ஒட்டியிருந்தேன். வாயைத் திறந்தால் அறையைப் பூட்டவேண்டும். புல்மோட்டையில் இருந்து வெருகல் வரைக்கும் வருகிற சளி எல்லாம் கொழும்புக்குப் போய்த் திரும்பவேண்டும். அதுவரைக்கும் அந்தச் சனம் வீட்டில் பிள்ளைகுட்டிகளுக்கு நடுவே இருமிக்கொண்டு கிடக்கும். வாயை மூடினால் என் பிள்ளையை நானே அந்தக் காற்றுக்குள் கொண்டுபோகிறேன். ஒவ்வொரு நாளும் கையுறையைப் போடும்போது வயிற்றைப் பார்த்து, கெட்டியாகப் பிடிச்சுக்கொள் குஞ்சு, அம்மா கெதியாக முடிச்சிட்டு வாறன் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

ஒருநாள் உள்ளே வேலை நடுவில் குமட்டிக்கொண்டு வந்தது. கவசத்தைக் கழற்ற ஏலாது. திறந்த குப்பியை மூடவேண்டும், மேசையைத் துடைக்கவேண்டும், கையுறையைக் கழற்றிக் கை கழுவவேண்டும், கதவைத் தாண்டியபிறகுதான் கவசம். கண்ணில் நீர் வழிய வழிய எல்லாவற்றையும் செய்தேன். வெளியே வந்தபோது நானா ஒரு பிளாஸ்டிக் பேசினோடு நின்றார். அதை என் கையில் தந்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார். நான் சத்தி எடுத்து முடித்ததும், “வெயில் கூடிப்போச்சு புள்ள, போய் இருங்க” என்று மட்டும் சொன்னார். அவர் கேட்டிருக்கலாம். ஆனால் ஓர் அந்நிய ஆண் ஒரு பெண்ணிடம் கேட்கிற கேள்வியா அது? நானும் வெயில்தான் என்று சொன்னேன்.

மறுநாள் காலை வாசலில் காவலாளி யாரையோ மறித்து வைத்துக்கொண்டு, யாரைப் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். ஐயோ கடவுளே! நானா நின்றார். தாடி இல்லை. வெயில் படாத நாடி வெளிறிப்போய், ஓரிடத்தில் கீறி இரத்தம் காய்ந்திருந்தது.

“ஏன் நானா? ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்?” என்று கிட்டத்தட்டக் கத்தினேன்.

“டெஸ்ட்ட எடுங்க தங்கச்சி” என்றார். போய் அந்தக் கதிரையில் இருந்தார்.

கவசத்தையும் மூடியையும் மாட்டச் சொல்லிப் பீய்ச்சினேன். திரும்பச் சொன்னேன், குனியச் சொன்னேன், கதைக்கச் சொன்னேன். அவர் கவசத்துக்குள்ளே மெல்லிய குரலில் ஏதோ ஓதினார். “கசக்குதா?” என்று கேட்டேன். “இல்ல. ஒண்டும் தெரியல்ல” என்றார். முன்பு கசக்குது என்று சொன்ன அதே வாய் என்பதால் நான் அதை அப்படியே நம்பினேன். “இனி உள் வேலைய நான் பாக்கன். நீங்க வெளி மேசையில இருங்க” என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார். எதற்காக என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வயிறு தெரிய ஆரம்பித்த பிறகும் எங்கள் இருவருக்கும் இடையில் அந்தக் கதை வரவே இல்லை. மூன்று மாதம் கழிந்து நான் டொக்டரிடம் சொன்னபோது, நானாதான் உள்ளே இருக்கிறாரே, பிறகென்ன என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். ஒவ்வொரு காலையும் மழித்த முகத்தோடு நானா வந்தார். அறை ஒருநாளும் பூட்டப்படவில்லை. மகள் முழு மாதத்தில், நல்ல நிறையோடு பிறந்தாள். ஓய்வு பெறும்வரை அவர் மறுபடி தாடி வளர்க்கவில்லை. அந்தக் காற்று ஊதும் தலைக்கவசம் அவர் போனபிறகுதான் வந்து சேர்ந்தது.

போன பெருநாளுக்கு மகளையும் கூட்டிக்கொண்டு குறிஞ்சாக்கேணிக்குப் போனேன். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், வாய் என்னைப்போலவே. நானாவுக்குத் தாடி மறுபடி நெஞ்சுவரை, முழுக்க வெள்ளை. பெருநாள் இனிப்பான வட்டிலப்பம் தந்தார். இத்தனை வருடம் கேட்காததை அன்றைக்குக் கேட்டுவிட்டேன்.

“அவ ஆசைப்பட்டுக் கேட்ட தாடியை எடுக்கேக்க உங்களுக்கு மனம் நோகேல்லையா நானா?”

“நொந்திச்சி. நான் ஏன் பொய் சொல்லோணும்? எப்பவும் குடிக்கிற இஞ்சித் தேத்தண்ணிய நீங்க வேணாம் எண்ட நாளே எனக்கு விளங்கிட்டு. நாலு புள்ள பெத்த ஊடுதானே இது. அதுக்குப் பிறகும் எத்தின நாள் கண்ணாடிக்கு முன்னால நிண்டு நிண்டு திரும்பி வந்தன் தெரியுமா? அண்டைக்கு நீங்க சத்தி எடுக்கக்குள்ளதான் நினைச்சன். அவ இருந்திருந்தா, ‘அந்தப் புள்ள வயித்தோட உள்ளுக்குப் போய் வாறதப் பாத்துக்கிட்டு இவ்வளவு நாளும் என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்தீங்க’ எண்டு என்னக் கிழிச்சிருப்பா.”

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அவருடைய கைகளைப் பிடித்துக்கொள்ளவேண்டும் போல இருந்தது. அவருடைய வீட்டில், அவருடைய ஆட்களுக்கு முன்னால், அது முறையில்லை. என் மகளுக்கு அந்த முறை ஒன்றும் தெரியாது. வட்டிலப்பத்தை வைத்துவிட்டு எழும்பிப் போய், அவர் மடியில் ஏறி இருந்துகொண்டாள்.