மேக் கணினி காட்டிய திங்கட்கிழமை

அன்று செல்வி அக்காவிடம் நான் எரிந்து விழுந்ததை எழுத இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

ஹல்துமுல்லைக்கு மேலேயுள்ள நான் படிப்பிக்கும் தேயிலைத் தோட்டப் பாடசாலையில், யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த பழைய மேக் கணினி ஒன்றுதான் உண்டு. பாடசாலையைக் கூட்டித் துடைப்பவர் செல்வி அக்கா. அவருடைய மகள் ஆசிரியப் பயிற்சிக்கு இணையத்தில் விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். அவளுக்காக நான் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று பிரவுசர் மறித்தது. பிரவுசரில் சேர்ந்திருந்த பழைய பதிவுகளை அழித்தேன், வேறு பிரவுசரிலும் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

"காலையில தொடைக்கிறப்ப எதையோ தட்டிட்டீங்க அக்கா!" என்று கத்தினேன்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "மிஸ், இன்னைக்கு வெள்ளிக்கெழம. கோயிலுக்குப் போயிட்டுத்தான் வந்தேன். இதுல மண்டேன்னு இருக்கே?"

தேதியைத் திறந்து பார்த்தேன். வருடம் 2001! உள்ளே பேட்டரி செத்துப்போன கணினி அது. பிளக்கைக் கழற்றினால் தேதியை மறந்துவிடும். தேதி தப்பென்றால் பிரவுசர் எந்தத் தளத்தையும் நம்பாது. முந்தின நாள் இடி இடித்தபோது ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கியது நான்தான்.

தேதியைத் திருத்தியதும் பக்கம் திறந்தது. விண்ணப்பமும் நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தது.

"பிளக்க புடுங்கினது நாந்தான் அக்கா," என்றேன்.

"இடி இடிச்சா லயத்து வீடுகள்ல நாங்களும் அதத்தான செய்வோம் மிஸ்," என்று சிரித்தபடி துடைக்கும் துணியை எடுத்தார்.

அதன் மடிப்புகூடக் கலைந்திருக்கவில்லை. அன்று காலை அவர் கணினி மேசையைத் தொடவே இல்லை. நான் கத்தியபோதும் அதை அவர் சொல்லவில்லை.