வேணாம்னா வேணாம்தான்

எச்.ஐ.வி. தடுப்புத் திட்டமொன்றில் களப்பணியாளராக இருக்கிறேன். நிலக்கோட்டையில் பூ ஏற்ற வரும் வேன் டிரைவர்களிடம் பேசி, ஆணுறை கொடுப்பது என் வேலை. முதல் ரெண்டு வருஷம் நோயைச் சொல்லிப் பயமுறுத்துவதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. அவர்களும் தலையாட்டிவிட்டு, பாக்கெட்டை டேஷ்போர்டில் எறிந்துவிட்டுப் போவார்கள்.

எங்கள் திட்டத்தில் ஒரு அக்கா இருக்கிறார். திண்டுக்கல்லில் பாலியல் தொழில் செய்பவர். அதே தொழிலில் உள்ள பெண்களைப் பரிசோதனைக்கு அழைத்து வருவார். ஒருநாள் கன்னம் வீங்கி வந்தார். வந்தவனை உறை போடச் சொன்னதற்கு அடி.

"எங்களுக்கு அம்புட்டுப் பாடம் நடத்துறீக. எங்ககிட்ட வர்ற ஆம்பளைகளுக்கு எங்களப் பத்தி யாரு சொல்றது? நாளைக்கு நானும் வாரேன்" என்றார்.

மறுநாள் பூ ஏற்றி முடிந்ததும், டீக்கடை ஓரம் ஏழெட்டு டிரைவர்களிடம் தான் யாரென்று மறைக்காமல் சொன்னார். ஒருவர் சிரித்தார். அக்கா அவரைப் பார்த்தே பேசினார்.

"எங்களுக்கும் ஒடம்பு வலிக்கும் அப்பு. உறையோட வாங்க. குடிச்சிட்டு வராதீக. வேணாம்னா வேணாம்தான். அம்புட்டுதேன்."

சிரித்தவர்தான் கேட்டார்: "கன்னத்துல என்னக்கா?"

"சொன்னதக் கேக்காத ஒரு ஆளு."

அவர் குனிந்துகொண்டார். என்னாலும் நிமிர முடியவில்லை. ரெண்டு வருஷம் இந்த ஆண்களிடம் அவர்கள் உடம்பைப் பற்றி மட்டும்தானே பேசியிருக்கிறேன்.

சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் அக்கா போனில் கூப்பிட்டார்.

"அன்னைக்குச் சிரிச்சாருல்ல, அவரு வந்தாரு தம்பி. வாசல்லயே நின்னு, உள்ள வரலாமான்னு கேட்டாரு. காய்ச்சலடிக்குது, இன்னைக்கு முடியாதுன்னேன். 'சரிக்கா, ஒடம்பப் பாத்துக்கங்க'ன்னுட்டுப் போயிட்டாரு."

பிறகு, "இத்தன வருசத்துல யாரும் அப்படிக் கேட்டதில்ல" என்றார். அழுகிறாரா என்று நான் கேட்கவில்லை. மாத்திரை போட்டாரா என்று மட்டும் கேட்டேன்.

இப்போதெல்லாம் முதலில் அக்கா சொன்னதைச் சொல்லிவிட்டு, நோயைக் கடைசியில்தான் சொல்கிறேன். சிலர் பாதியில் எழுந்து போகிறார்கள். அக்காவை அடித்தவன் யாரென்று இன்றுவரை தெரியாது.

போன வாரம் ஒரு டிரைவர் உறை வேண்டாமென்று கையை உதறினார். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர், அன்று சிரித்த அதே மனிதர், பாக்கெட்டை என்னிடம் வாங்கி அந்த டிரைவரின் சட்டைப்பையில் வைத்தார்.

"வச்சுக்கப்பா. ஒனக்காக மட்டுமில்ல, அவுகளுக்காகவுந்தான்."