அவர் அடித்துத் திருத்திய ஒரு வினைச்சொல்

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள். காவடிக் கூட்டத்தில் பேருந்து திருத்தணிக்குள் நுழைய முடியாமல் நின்றிருந்தபோது கைப்பேசி அடித்தது. "ஜெயசீலன் பூட்டாருங்க. காலைல, தூக்கத்துலயே. உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்கன்னு தோணுச்சு." சொன்னவர் முனிரத்தினம், எங்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்து தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். அவர் என்னைக் கைப்பேசியில் அழைத்தது அதுதான் முதல் தடவை. "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

ஆசிரியர்கள் மலருக்கு இந்த அஞ்சலியைக் கேட்டவர்கள், நானும் ஜெயசீலனும் ஒரே மேசையின் இரு பக்கத்தில் அமர்ந்து ஆங்கிலம் நடத்தியவர்கள் என்பதை நினைத்துக் கேட்டிருப்பார்கள். கடைசிப் பதினோரு ஆண்டுகள் நான் அவரோடு பேசவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். காரணம் பலருக்குத் தெரியாது.

நம் பள்ளியின் நிர்வாகம் சென்னையில். தமிழில் போகும் கடிதத்துக்குப் பதில் வராது. அதனால் எந்த அறிக்கையும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, ஜெயசீலனின் சிவப்புப் பென்சிலைத் தாண்டி, ஓரத்தில் அவருடைய சின்னக் கையெழுத்தோடுதான் போகும். எழுத்துப் பிழையை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். வினைச்சொல் வந்தால் நின்றுவிடுவார். ஒருவர் ஒன்றைப் பற்றிச் சொன்னார் என்பதற்கு ஆங்கிலத்தில் பத்துச் சொற்கள் உண்டு. எதைப் போடுவது என்று அவர் அகராதியைப் பார்த்து முடிவு செய்ததில்லை. எழுதியவரைத்தான் கேள்வி கேட்பார்.

அம்மையார்குப்பத்திலிருந்து வரும் நெசவு ஆசிரியர் ஒருமுறை தன் வீட்டில் நெய்த புடவையைக் கொண்டுவந்தார். கண்காட்சிக்காக ஆங்கிலத்தில் ஒரு சீட்டு எழுத வேண்டும். கரையில் இருந்த மயிலைப் புடவை சித்திரிக்கிறது என்பதற்கு நான் 'போர்ட்ரே' என்றேன். ஜெயசீலன் புடவையை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். "அது ஆளுக்குப் போட்டா நல்லாருக்கும் சார், ஒருத்தரோட குணத்த காட்டறதுக்கு. இது சும்மா மயிலு, உருவத்த காட்டுது அவ்ளோதான். டிபிக்ட் போடுங்க, போதும்." அப்படியானால் விவரிக்கிறது என்று 'டிஸ்கிரைப்' போட்டால் என்ன என்று நெசவு ஆசிரியர் கேட்டார். "அதுக்கு வாயி வேணும். புடவ எங்க பேசுது?" "எங்க வீட்டுல புடவதான் சார் பேசுது, நாங்க எங்க பேசறோம்" என்றார் அவர். அன்று ஜெயசீலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தது நினைவிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எம்.ஏ. படித்தவன் நான், அவர் படித்தது பி.ஏ.

பிறகு அந்த அரையாண்டுத் தேர்வு. பீரோவில் பூட்டி வைத்த வினாத்தாள் ஒன்று ஊரில் ஒரு டியூஷன் சென்டரில் கிடைத்தது. தலைமையாசிரியர் ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தது. ஜெயசீலன் அந்தப் பதவி வேண்டாம் என்று முன்பே எழுதிக் கொடுத்துவிட்டதால், எனக்கா முனிரத்தினத்துக்கா என்றுதான் பேச்சு. தேர்வுப் பொறுப்பு என்னுடையது; அறிக்கையும் என்னுடையது. வாட்ச்மேன் என்னிடம் சொன்னது இது: "மத்தியானம் கணக்கு சாரு பீரோகிட்ட நின்னுகினு இருந்தாருங்க." நான் எழுதியது: முனிரத்தினம் தாளை எடுத்த விதத்தை வாட்ச்மேன் விவரித்தார். 'டிஸ்கிரைப்' என்றே போட்டேன்.

ஜெயசீலன் அந்தச் சொல்லின் மேல் பென்சிலை வைத்தார்.

"எந்தக் கையால தெறந்தாராம்?"

"அதெல்லாம் சொல்லல சார்."

"எத்தினி தாளு எடுத்தாரு? எங்க வெச்சாரு?"

தாளைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினேன்; அவர் விடவில்லை.

"அப்ப வாட்ச்மேன் கோடு மட்டும்தான் போட்டிருக்கான், வரதன் சார். உள்ள கலர் அடிச்சது நீங்க."

'டிஸ்கிரைப்' அடிபட்டு, கோடு மட்டும் காட்டும் 'அவுட்லைன்' ஆனது. 'எடுத்தது' போய் 'நின்றது' வந்தது. திருத்தாமல் அனுப்பினால் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். திருத்தியதைத் தட்டச்சு செய்து அனுப்பினேன். அந்த அறிக்கையை வைத்து யார்மேலும் நடவடிக்கை எடுக்க முடியாது என்று நிர்வாகம் சொன்னது. முனிரத்தினம் தலைமையாசிரியர் ஆனார். நான் என் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். தேநீர்கூடத் தனியாக வரவழைத்தேன். மகள் கல்யாணத்துக்கு அழைக்க ஜெயசீலன் மனைவியோடு என் வீட்டுக்கு வந்தார். உள்ளே அழைக்காமல் கேட்டிலேயே நின்று பத்திரிகையை வாங்கிக்கொண்டேன். போகவில்லை.

நான்கு வருடம் கழித்து என்மேல் ஒரு புகார் வந்தது. ஒரு மாணவியின் தந்தை முகத்தில் விடைத்தாளைக் கிழித்து எறிந்தேன் என்று அந்தத் தந்தையின் அண்ணன் எழுதிக் கொடுத்திருந்தார். கிழித்தது உண்மை. முகத்தில் எறியவில்லை. தமிழில் இருந்த புகார் ஆங்கிலமாக வேண்டும் என்பதால் ஜெயசீலனிடம் போனது. அந்த அண்ணனை அலுவலக வராந்தாவில் உட்காரவைத்து அவர் கேட்டது என் காதில் விழுந்தது. "நீங்க அங்க இருந்தீங்களா?" "இல்லிங்க, தம்பி வந்து சொன்னான்." "எந்தப் பக்கம் எறிஞ்சாருன்னு சொன்னாரா?" "அதெல்லாம் சொல்லலிங்க." அதே 'அவுட்லைன்' எனக்கும் கிடைத்தது. புகார் நிற்கவில்லை. என் மேசையைத் தாண்டிப் போகும்போது அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. நன்றி சொல்ல நான் எழுந்திருக்கவும் இல்லை. என்னைக் காப்பாற்றியதாகக் காட்டிக்கொள்ளாமல் போனதற்காக அவர்மேல் கூடுதலாகக் கோபம்தான் வந்தது.

அடக்கத்தின்போது தேவாலயத்தில் முனிரத்தினம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் நகரவில்லை.

சிவப்புப் பென்சில் ஓடிய அந்த அறிக்கைத் தாள் என்னிடம் இருக்கிறது. என்றைக்காவது ஜெயசீலனுக்கு எதிராகக் காட்டலாம் என்றுதான் இத்தனை வருடம் வைத்திருந்தேன். தலைமையாசிரியர் பதவி எனக்கு வந்திருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன். அது வேறு. இந்த மலரை முனிரத்தினமும் படிப்பார். அவர் தாளை எடுத்ததை வாட்ச்மேன் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. கலர் அடித்தது நான்தான். ஜெயசீலனிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தத் தாள் ஒன்றுதான். அதை இனி யாருக்கு எதிராகவும் காட்டப் போவதில்லை.