சேவலைத் திறந்துவிட்ட அமராவதி

சுப்பிரமணியத்தின் வலது கையை எங்கள் தோட்டத்து லயத்தில் எல்லாருக்கும் தெரியும். பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் குடியிருந்த எனக்கு அதன் சத்தமும் தெரியும். பகலெல்லாம் செம்பனைக் குலை வெட்டும் கை, வீட்டுக்கு வந்தால் பெண்டாட்டி அமராவதியின் கன்னத்தில் இறங்கும். "நாசமாப் போறவனே, நிறுத்துடா!" என்று பலகையைக் குத்துவேன். எங்கே நிறுத்தினான்!

அமராவதி அழமாட்டாள். மகள் கலாவதியைக் கோழிக்கூண்டுப் பக்கம் தள்ளிவிட்டு, விழுகிறதை எல்லாம் தானே வாங்கிக்கொள்வாள்.

எண்பத்தாறில் ஜெய்புன்னிசா எங்களைத் தேடி வந்தாள். கோலசிலாங்கூர் சாப்பாட்டுக்கடைக்காரர் மகள்; கோலாலம்பூரில் ஆராய்ச்சி செய்கிறவள். டாக்டர் என்றார்களே என்று முழங்காலை நீட்டினேன். "நான் மருந்து குடுக்குற டாக்டர் இல்ல லா, அக்கா" என்று சிரித்தாள். அவளுக்கு வேண்டியது கரு பிடித்த நாட்டுக்கோழி முட்டை. அது அமராவதியிடம் இருந்தது.

"முட்டைய வச்சு என்னா செய்வீங்க டாக்டர்?"

"உள்ள இருக்குற குஞ்சுக்கு நரம்பு எப்படி வளருதுன்னு பாக்குறேன்கா. நரம்புக்குக் கண்ணு ஏது? தடவித் தடவித்தான் போகும். செல்லோட மேல ஒரு புரதம், அதுல சர்க்கரை இழை இழையாத் தொங்கும். புரோட்டியோகிளைக்கான்னு பேரு. அதைத் தொட்டுத்தான் எங்க போகணும், எங்க போகக்கூடாதுன்னு நரம்புக்குத் தெரியுது. அந்த இழைய நறுக்கிட்டா, பாவம், தடம் மாறிப் போயிடுது."

ஆராய்ச்சிக்கூடத்தில் கோழி பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், தங்க இடமும் உண்டு, முட்டை நல்லபடியாக வந்தால் மேலே பேசுகிறேன் என்றும் சொன்னாள். அமராவதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மகளோடு சுப்பிரமணியத்தின் கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட வேண்டும். அவளுக்கு வேறு ஆசையே இல்லை.

கெடுத்தது சுப்பிரமணியத்தின் கருஞ்சேவல். ஈஜோக் செம்பனைக் காட்டுக்குள் போலீசுக்குத் தெரியாமல் சண்டை வைத்தார்கள். சண்டைக்குப் போகும் சேவலைப் பெட்டையோடு விட்டால் தெம்பு போய்விடும் என்பது அந்தக் கூட்டத்தின் சாத்திரம். அவனும் சேவலைத் தனிக்கூண்டில் பூட்டினான். வந்த முட்டைகளில் கரு இல்லை. ஜெய்புன்னிசாவின் முகம் வாடிவிட்டது.

அவன் வேலைக்குப் போன நேரம் பார்த்து அமராவதி கூண்டைத் திறந்துவிட ஆரம்பித்தாள்.

"மாட்டிக்குவ, புள்ள" என்றேன்.

"மாட்டாட்டி மட்டும் அடிக்காம இருப்பாராக்கா?"

சண்டையில் கருஞ்சேவல் எழுந்து ஒரு கொத்துக்கூடக் கொத்தாமல் செத்தது. காலில் கட்டிய கத்தியோடு அதைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு வந்தவன், அடைகாத்த கோழியை எட்டி உதைத்தான். முட்டைகள் உடைந்தன. தரையில் ரத்தமும் மஞ்சளுமாகக் குஞ்சுக் கருக்கள் துடித்தன. சேவல் பூட்டிக் கிடக்க, முட்டையில் இத்தனை கரு எப்படி வந்தது? அவனுக்கு விளங்கிவிட்டது.

"ஏண்டி, நீயாடி என் சேவலக் கொன்ன?"

செத்த சேவலாலேயே அவள் முகத்தில் அடித்தான். அவள் அசையவில்லை. பிறகு கலாவதியின் தலைமுடியைச் சுருட்டிப் பிடித்து, "நீயும் கூட்டா?" என்று பலகையில் மோதினான். அந்தச் சத்தம் கேட்டு நான் ஓடிப்போய் வாசலில் நின்றபோது அமராவதியின் கையில் பாராங் கத்தி இருந்தது. ஒரே வெட்டு, அவன் வலது மணிக்கட்டில். அவன் மாடு மாதிரி கத்தினான். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு இரக்கமே வரவில்லை.

பெண்டாட்டி வெட்டினாள் என்று சொல்ல மீசை விடுமா? ஆஸ்பத்திரியில், "புல்லு வெட்டுறப்ப பட்டுடுச்சு" என்றான்.

முட்டைக்கு ஜெய்புன்னிசா வந்தபோது வாசலில் கறை இன்னும் போகவில்லை.

"முட்டை இல்ல டாக்டர்."

"முட்டை கெடக்கட்டும்கா. புள்ளையக் கூட்டிக்கிட்டு கார்ல ஏறுங்க."

கலாவதியை ஏற்றிவிட்டு, கதவைப் பிடித்தபடி அமராவதி கேட்டாள்: "வெட்டுப்பட்ட நரம்பு திரும்ப ஒட்டுமா டாக்டர்?"

"குஞ்சு நரம்பு மாதிரி இல்லக்கா. பெரியவங்களுக்கு அறுந்தா, வளந்தாலும் தடம் மாறிப் போகலாம். கை பழையபடி மடங்காமலே போயிடலாம்."

அமராவதி காரில் ஏறி உட்கார்ந்தாள்.

"போகட்டும்" என்றாள்.